தேஜோ நதித் தீவில் அல்முரோல் கோட்டை: சென்று பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

போர்த்துகலின் நடுப்பகுதியில், தேஜோ நதியின் நீரோட்டத்துக்கு இடையே எழும் ஒரு கருங்கல் திட்டின் மேல் அல்முரோல் கோட்டை நிற்கிறது. தீவின் நீளம் 310 மீட்டர், அகலம் 75 மீட்டர். கோட்டையைத் தாங்கும் பாறை நீர்மட்டத்துக்கு மேல் 18 மீட்டர் உயர்ந்திருக்கிறது. அளவில் இது சிறிய கோட்டைதான். வேகமாக நடப்பவர்கள் அரை மணி நேரத்தில் மதிலையும் கோபுரத்தையும் சுற்றி வந்து, 'இவ்வளவுதானா?' என்று கேட்டபடியே படகு ஏறிவிடுவதுண்டு. அவர்கள் கோட்டையைப் பார்த்தார்கள், நதியைப் பார்க்கவில்லை என்பதே அதற்குக் காரணம். இந்தக் கோட்டையின் ஒவ்வொரு கல்லும் நதியைக் காவல் காப்பதற்காக வைக்கப்பட்டது. ஆகவே கரையிலிருந்து ஒரு முறை, படகிலிருந்து ஒரு முறை, கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு முறை, எதிர்க்கரை மேட்டிலிருந்து ஒரு முறை என நான்கு இடங்களிலிருந்து அதைப் பார்க்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

தீவில் நீண்ட விளக்கப் பலகைகளை எதிர்பார்த்துச் செல்லாமல், வரலாற்றின் எலும்புக்கூட்டையாவது மனத்தில் வைத்துக்கொண்டு செல்வது நல்லது.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேஜோ நதிதான் கிறிஸ்தவர்களின் ஆட்சிப்பகுதிக்கும் முஸ்லிம்களின் ஆட்சிப்பகுதிக்கும் இடையே மாறி மாறி நகர்ந்துகொண்டிருந்த எல்லை. இந்தத் தீவில் ஏற்கெனவே ஒரு காவல் இடம் இருந்தது. 1129இல் அது கிறிஸ்தவர்களின் கைக்கு வந்தது. 1147இல் போர்த்துகலின் முதல் அரசர் அஃபோன்சோ ஹென்றிக்ஸ் சாந்தரேம் நகரையும் லிஸ்பனையும் கைப்பற்றினார். பிடித்த நிலத்தைக் காப்பது பிடிப்பதைவிடக் கடினம் என்பதால், நதிக்கரைப் பகுதியின் காவலை டெம்ப்ளர் வீரத்துறவிகளிடம் ஒப்படைத்தார். துறவு வாக்கும் போர்ப் பயிற்சியும் ஒருங்கே பெற்ற இந்தச் சங்கத்துக்குப் போர்த்துகலில் தலைவராக இருந்தவர் குவால்டிம் பாய்ஸ். அவர் சில ஆண்டுகள் கிழக்கே, சிலுவைப்போர்க் களங்களில் பணியாற்றித் திரும்பியவர். அங்கே கண்ட கோட்டை நுட்பங்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1160இல் தோமார் கோட்டையைத் தொடங்கினார். 1171இல் அல்முரோலைப் பழைய அடித்தளத்தின் மீது புதிதாக எழுப்பினார்.

எதற்காக இந்த இடம்? இப்பகுதியிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஆலிவ் எண்ணெய், கோதுமை, பன்றி இறைச்சி, பழங்கள், மரம் ஆகிய அனைத்தும் இந்த நதி வழியாகவே படகில் சென்றன. நடு நதியில் ஒரு கோட்டையை வைத்திருப்பவர் வணிகத்தையும் படைநகர்வையும் ஒருசேரக் கண்காணிக்க முடிந்தது. மேற்கே சாந்தரேம், வடக்கே தோமார் எனத் தொடர்ந்த காவல் வரிசையில் அல்முரோல் ஒரு கண்ணி.

பிறகு எல்லை தெற்கே நகர்ந்தது. 1249இல் தென்கோடி அல்கார்வே பகுதி முழுவதும் போர்த்துகலின் வசமானபின் தேஜோவில் காவலுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. 1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் டெம்ப்ளர் சங்கத்தைக் கலைத்தார். போர்த்துகலில் மன்னர் தினிஸ் அதன் சொத்துகளைச் சிதறவிடாமல், 1319இல் உருவான கிறிஸ்துவின் சங்கம் என்ற புதிய அமைப்புக்கு அவை சேரும்படி செய்தார். வாஸ்கோ ட காமாவின் கப்பல்களில் பாய்மரத் துணிமீது இருந்த சிவப்புச் சிலுவை இந்தச் சங்கத்தினுடையதே. 1560இல் மன்னாரில் கோட்டை கட்டி, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் வரலாற்றுக்கு இப்படி ஒரு வேர் இந்த நதிக்கரையில் இருக்கிறது. அல்முரோலோ அக்காலமெல்லாம் ஆளரவமற்றுச் சிதைந்துகொண்டிருந்தது. 1755இன் பெரும் நிலநடுக்கமும் அதைச் சேதப்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டில் பழமையின்மீது காதல் கொண்ட ஒரு தலைமுறை இந்த இடிபாட்டை மறுபடியும் கண்டெடுத்து, தங்கள் கற்பனைக்கேற்பச் செப்பனிட்டது. 1910இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1940களிலும் 1950களிலும் சர்வாதிகாரி சலசாரின் அரசு மீண்டும் பெரிய அளவில் திருப்பணி செய்து, இதை அரசு விருந்தினர் நிகழ்ச்சிகளுக்கான இல்லமாகப் பயன்படுத்தியது. ஆகவே இன்று நீங்கள் காணப்போவது 12ஆம் நூற்றாண்டின் உடலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளின் சீரமைப்பும் கலந்த ஒன்று. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவர்களுக்குக் கோட்டை இன்னும் சுவையாகவே இருக்கும்.

பருவத்தையும் நீர்மட்டத்தையும் தேர்ந்தெடுத்தல்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவை மிகப் பொருத்தமான காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்த உள்நாட்டுச் சமவெளியில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தொட்டுவிடுவதுண்டு. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களும் அதை இலேசாக நினைக்கக் கூடாது. மதிலின்மேல் நிழல் கிடையாது; கருங்கல் பகல் முழுதும் வாங்கிய சூட்டை மாலையிலும் உமிழ்ந்துகொண்டிருக்கும். கோடையில்தான் போக முடியும் என்றால் காலையின் முதல் படகைப் பிடியுங்கள்.

குளிர்காலத்தில் சிக்கல் வேறு. தேஜோ 1,007 கிலோமீட்டர் ஓடும் நதி. ஸ்பெயினும் போர்த்துகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு. ஸ்பெயினில் பெய்யும் மழையும் இங்கே வந்து சேர்கிறது. 1979 பிப்ரவரியில் வந்த வெள்ளத்தை இப்பகுதி மக்கள் இன்றும் அளவுகோலாகச் சொல்கிறார்கள். தீவுக்குச் சற்று மேலே, கொன்ஸ்தான்சியா என்ற ஊரில், ஸெஸெரே ஆறு தேஜோவுடன் கலக்கிறது. அந்த ஸெஸெரேயின் குறுக்கேதான் 1951இல் திறக்கப்பட்ட, 115 மீட்டர் உயரமுள்ள கஷ்தேலோ டோ போடே அணை இருக்கிறது. அணையிலிருந்து நீர் திறந்தால் அல்முரோலில் மட்டம் உயரும்; ஓட்டம் கடுமையானால் படகு ஓடாது. தொடர்மழை பெய்த வாரத்தில் செல்வதாக இருந்தால், முதல் நாளே, கோட்டை அடங்கிய விலா நோவா டா பார்கின்யா நகராட்சியின் சுற்றுலா அலுவலகத்தைத் தொடர்புகொண்டு படகு ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்வது மிக அவசியம்.

கோடை முற்றிய நாள்களில் வடகரைக்கும் தீவுக்கும் இடைப்பட்ட கால்வாய் ஒடுங்கிப் பாறைகள் தலைகாட்டும். நடந்தே கடந்துவிடலாம் போலத் தோன்றும். தயவுசெய்து முயல வேண்டாம். மேலே அணைகள் இருக்கும் நதியில் மட்டம் எப்போது உயரும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. பாறைகளில் பாசி வழுக்கும்.

திறப்பு நேரம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மாறும். மதிய உணவுக்கு இடைவேளை விடுவதும், திங்கட்கிழமை மூடுவதும் போர்த்துகலின் சிறு நினைவிடங்களில் பரவலான வழக்கம். ஆகவே திங்களைத் தவிர்த்துவிட்டு, காலை வேளையில் தீவில் இருக்கும்படி திட்டமிடுங்கள்; மதிய இடைவேளையைக் கரையில் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடலாம்.

லிஸ்பனிலிருந்து போய்ச் சேர்தல்

ரயிலில் போவதையே நான் பரிந்துரைப்பேன். லிஸ்பனின் சாந்தா அப்போலோனியா அல்லது ஒரியன்தே நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறி, என்ட்ரோன்கமென்டோ என்ற சந்திப்பு நிலையத்தில் இறங்க வேண்டும்; விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கே பெய்ரா பைஷா தடத்தில் செல்லும் உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். பார்கின்யா, தான்கோஸ், அல்முரோல், பிரயா டோ ரிபாதேஜோ என்று நிலையங்கள் வரிசையாக வரும். தடம் நதியை ஒட்டியே ஓடுவதால், போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் அமர்ந்தால் தேஜோ முழுநேரமும் உங்களுடன் வரும்.

அல்முரோல் என்பது அலுவலர் இல்லாத ஒரு சிறு நிறுத்தம். அங்கிருந்து தீவுக்கு எதிரே உள்ள படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: இத்தடத்தில் உள்ளூர் ரயில்கள் நாளொன்றுக்குச் சிலவே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். போகும் ரயிலைவிடத் திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுவதே சரியான முறை. என்ட்ரோன்கமென்டோவில் காத்திருக்க நேர்ந்தால் அது வீண்பொழுது ஆகாது. போர்த்துகலின் தேசிய ரயில் அருங்காட்சியகம் அந்த ஊரில்தான் இருக்கிறது.

காரில் வருவோர் லிஸ்பனிலிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, டோரஸ் நோவாஸ் அருகே ஏ23க்குத் திரும்ப வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஏ1 சுங்கச்சாலை. கார் இருந்தால் தென்கரைக்கும் தோமாருக்கும் ஒரே நாளில் போய்வர முடியும் என்பது அதன் பெரிய வசதி. முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்து வருவோருக்கு நான் காரையே சொல்வேன்.

சுற்றுவட்டாரத்தில் இராணுவ நிலங்கள் உண்டு. தான்கோஸ் பழைய இராணுவ முகாம். முதல் உலகப்போருக்கான போர்த்துகல் படை 1916இல் இங்கேதான் பயிற்சி பெற்றது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் குறுக்குவழி தேடி உள்ளே நுழையக் கூடாது.

முதல் பார்வை: வடகரை

படகுத்துறைக்கு வந்தவுடன் வரிசையில் போய் நிற்காதீர்கள். கரையோரம் மேலும் கீழுமாகச் சற்று நடந்து, கோட்டையைத் தள்ளி நின்று பாருங்கள். தீவின் பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் கோடு இழுத்துப் பார்த்தால் பல இடங்களில் சொல்ல முடியாது. கட்டியவர்கள் நிலத்தைச் சமன்படுத்தவில்லை. பாறை எப்படி வளைந்ததோ அப்படியே மதிலை வளைத்திருக்கிறார்கள். அதனால்தான் கோட்டையின் வரைபடம் சதுரமாகவோ வட்டமாகவோ இல்லாமல் ஒழுங்கற்று இருக்கிறது.

அடுத்து மதிலின் அடிப்பகுதியையும் உச்சியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவரில் செதுக்கிய கருங்கல்லும், சுண்ணச்சாந்தில் பதித்த ஒழுங்கற்ற கற்களும் கலந்திருக்கும். உச்சியில் பல்வரிசை போல் ஒரே அளவில் நிற்கும் ஞாயில்கள் பெரும்பாலும் பிற்காலச் சீரமைப்பின் வேலை. ஓவியங்களில் நாம் காணும் 'கோட்டை' போல இது அச்சுப் பிசகாமல் இருப்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் விருப்பமும் ஒரு காரணம்.

படம் எடுப்போருக்கு ஒரு குறிப்பு. வடகரையில் நிற்கும்போது நீங்கள் தெற்கு நோக்குகிறீர்கள். நண்பகலில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இருப்பதால் மதில் கறுத்து நிழலுருவாகவே விழும். காலையில் கிழக்கிலிருந்து, அதாவது நதி வரும் திசையிலிருந்து, ஒளி பக்கவாட்டில் விழும்போதுதான் வட்டக் கொத்தளங்களின் உருட்சி தெரியும்.

இரண்டாம் பார்வை: படகு

படகுக்கு இரண்டு வழிகள் உண்டு. தீவுக்கு நேர் எதிரே உள்ள துறையிலிருந்து சில நிமிடங்களில் கடந்துவிடும் குறும்பயணம் ஒன்று. நதியில் கீழே உள்ள தான்கோஸ் துறையிலிருந்து நீரோட்டத்துக்கு எதிராக ஏறிவரும் நெடும்பயணம் மற்றொன்று. இரண்டும் ஓடும் நாளில் தான்கோஸிலிருந்து வருவதையே தேர்ந்தெடுங்கள். இதில் தயக்கமே வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் நதி வழியே வந்து இந்தக் கோட்டையைக் கண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான், நதிமட்டத்திலிருந்து, படகு மெல்ல நகர, கண்டார்கள். வளைவைத் தாண்டியதும் கோட்டை தலைகாட்டி, நெருங்க நெருங்க மேலே உயர்ந்து, கடைசியில் அண்ணாந்து பார்க்கும் நிலைக்கு வந்துவிடும். சரக்குப் படகோட்டி ஒருவருக்கு அந்த மதிலின் அடியில் என்ன உணர்வு இருந்திருக்கும் என்பது அப்போது விளக்கமில்லாமலேயே புரியும்.

படகு சிறியது. பருவகாலத்தின் வார இறுதிகளில் ஒரு படகு போய்த் திரும்பும் வரை காத்திருக்க நேரலாம். கூட்டமாக வருபவர்கள் முன்னரே சொல்லிவைப்பது நல்லது. மிதவை அங்கி தந்தால் அணிந்துகொள்ளுங்கள். கடைசிப் படகு எப்போது திரும்பும் என்பதைத் தீவில் கால் வைப்பதற்கு முன்பே படகோட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் புட்டி, தொப்பி, வழுக்காத அடிப்பகுதி கொண்ட காலணி ஆகியவை கட்டாயம். தீவில் எதையாவது வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் போகக் கூடாது. கழிப்பறைத் தேவைகளையும் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தீவில்: வாயிலும் கல்வெட்டும்

இறங்கிய இடத்திலிருந்து மரஞ்செடிகளுக்கு இடையே பாறைப் பாதை மேலேறுகிறது. படிகள் சமமாக இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியுடன் மெதுவாக ஏறலாம், ஆனால் சக்கர நாற்காலிக்கு வழியில்லை.

வாயிலுக்கு வந்ததும் அங்கே பதித்துள்ள கல்வெட்டைத் தேடி நின்று பாருங்கள். இலத்தீன் எழுத்துகளில், ஆண்டு உரோம எண்களில் இருக்கும். அதில் வரும் ஆண்டு 1209. கோட்டை 1171இல் கட்டப்பட்டது என்று படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது குழப்பம் தரும். அக்காலத்து ஐபீரியாவில் வழங்கிய ஆண்டுக்கணக்கு கிறிஸ்து ஆண்டுக்கு 38 ஆண்டு முந்தித் தொடங்குகிறது. போர்த்துகல் 1422 வரை அதையே பின்பற்றியது. நம் கோயில் கல்வெட்டில் சக ஆண்டைக் கண்டால் 78ஐக் கூட்டிக்கொள்வது போல, இங்கே 38ஐக் கழிக்க வேண்டும், 1171 வந்துவிடும். எண்ணூறு ஆண்டுக்கும் மேலாக மழையும் வெயிலும் பட்ட கல்லில் எல்லா எழுத்தும் ஒரே பார்வையில் பிடிபடாது. வெளிச்சம் சாய்வாக விழும் நேரமாக இருந்தால் வெட்டின் ஓரங்கள் நிழல் பெற்றுத் தெளியும். இல்லாவிட்டால் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கலாம். கல்லைத் தொட்டுத் தடவ வேண்டாம்.

உள்ளே கோட்டை இரண்டு நிலைகளாக இருக்கிறது. வெளிப்புறத்தில் தாழ்ந்த முற்றம். அதற்குள் உயர்ந்த முற்றம். தாழ்ந்த முற்றத்தைப் பலரும் கடந்துபோகும் வழியாக மட்டுமே நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டையின் அறிவு இருக்கிறது. நதி வரும் திசையை நோக்கி, நெடிதுயர்ந்த ஒன்பது வட்டக் கொத்தளங்கள் நிற்கின்றன. சதுரக் கொத்தளத்துக்கு மூலை உண்டு. மூலைக் கல்லைப் பெயர்த்தால் சுவர் சரியும், மூலைக்குப் பின்னால் ஒளிபவனை மேலிருந்து பார்க்கவும் முடியாது. வட்டத்தில் இந்த இரண்டு பலவீனங்களும் குறைகின்றன. இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே மதிலோரம் நின்று இருபுறமும் அண்ணாந்து பாருங்கள்: அந்த இடத்தில் நிற்கும் எவரையும் இரு பக்கங்களிலிருந்தும் அம்பு எட்டும் என்பது தெரியும்.

இதே கீழ் நிலையில் ஒரு திட்டிவாசல் உண்டு. முற்றுகை நேர்ந்தால் ஆளையோ செய்தியையோ சத்தமில்லாமல் வெளியே அனுப்பவும், நீரும் உணவும் உள்ளே கொண்டுவரவும் இப்படி ஒரு மறைவாசலை அக்காலக் கோட்டைகளில் வைத்தார்கள். நதியே அகழியாக இருக்கும் கோட்டையில் அதன் பயன் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மதிலின்மேல் ஏறி நடக்கும்போது, உட்புறத்தில் பல இடங்களில் கைப்பிடி இருக்காது என்பதை எதிர்பார்த்தே ஏறுங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். படம் எடுக்கப் பின்னோக்கி அடி வைக்காதீர்கள். மழை பெய்த நாளில் மதில்நடையைத் தவிர்த்துவிட்டு முற்றத்தோடு நின்றுகொள்வதே மேல்.

மூன்றாம் பார்வை: தலைமைக் கோபுரம்

மேல் முற்றத்தின் நடுவே சதுர வடிவில், மூன்று தளங்களுடன் தலைமைக் கோபுரம் நிற்கிறது. மதிலோடு ஒட்டாமல் தனியாக, எல்லாவற்றுக்கும் உயரமாக ஒரு கோபுரத்தை நிறுத்துவது அந்நாளில் போர்த்துகலுக்குப் புதிது. டெம்ப்ளர்கள்தான் அதைக் கொண்டுவந்தார்கள். வெளிமதில் வீழ்ந்தால் உள்மதில், அதுவும் வீழ்ந்தால் கோபுரம் என்று கடைசிவரை தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடு இது. மேல் சாளரம் ஒன்றின் மீது, முனைகள் அகன்ற சிலுவை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. கட்டிய சங்கத்தின் முத்திரை அது. கோபுரத்துக்குள் நுழையும் முன்பே முற்றத்தில் நின்று அதைத் தேடிவிடுங்கள். உள்ளே போனபின் யாரும் திரும்பி வந்து தேடுவதில்லை.

உள்ளே தளங்கள் வழியாக ஏறி உச்சிக்குப் போகலாம். வழி ஒடுக்கம்; ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவருக்கொருவர் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

உச்சியில் குறைந்தது கால் மணி நேரம் இருங்கள். கிழக்கே திரும்பினால், ஸெஸெரேயை வாங்கிக்கொண்டு நதி வரும் திசை. மேற்கே, அது சமவெளியில் அகன்று சாந்தரேம் நோக்கிப் போகும் திசை. வடகரையில் ரயில் தடம், தென்கரையில் மேடு. இருபுறமும் நீர் பிரிந்து, தீவின் கீழ்முனையில் மறுபடி சேர்வதை இங்கிருந்து பார்க்கலாம். ஒரு படகு கண்ணில் பட்டதிலிருந்து கோட்டையை எட்டும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். அந்த நேரம்தான் காவலர்களுக்குக் கிடைத்த அவகாசம். இந்த உச்சியில் நின்று அதை ஒருமுறை உணர்ந்தவருக்கு, இவ்வளவு சிறிய தீவுக்கு ஏன் இவ்வளவு பெரிய மதில் என்ற கேள்வி எழாது.

கோபுரத்தைச் சுற்றிய கதை ஒன்றும் இங்கே வழங்குகிறது. தோன் ரமீரோ என்ற கோட்டைத் தலைவன், மூர் இனத்தைச் சேர்ந்த, அதாவது ஐபீரிய முஸ்லிம்களான, ஒரு தாயையும் மகளையும் கொன்றுவிட்டு, அவர்கள் குடும்பத்துச் சிறுவனை அடிமையாகக் கொண்டுவந்தானாம். பழிவாங்கக் காத்திருந்த அச்சிறுவன் வளர்ந்தபின் ரமீரோவின் மனைவிக்கு நஞ்சூட்டிக் கொன்றான். ஆனால் மகள் பெயாத்ரீஸைக் காதலித்ததால் அவளுக்குத் தீங்கு செய்ய மனம் வரவில்லை. இருவரும் ஒருநாள் மறைந்தார்கள். புனித யோவான் திருநாள் இரவில் அவர்கள் கோபுரத்தில் தோன்றுவார்கள் என்பது மக்கள் நம்பிக்கை. சான்றேதும் இல்லாத கதைதான். ஆயினும் எல்லைப் போரின் கொடுமை இரு தரப்பிலும் விழுந்ததை மக்கள் நினைவு இப்படிக் காத்துவைத்திருப்பதாக நான் கருதுகிறேன்.

நான்காம் பார்வை: தென்கரை மேடு

கார் உள்ளவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. தான்கோஸுக்கு எதிர்க்கரையில் அரிப்பியாடோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே மேட்டில் அமைந்த காட்சிமாடத்திலிருந்து தீவு முழுவதும் கீழே விரிந்து தெரியும். இங்கே சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால் பகல் முழுவதும் கோட்டையின்மேல் நேர்ஒளி விழும். கோட்டையின் இரண்டு நிலைகளும், கொத்தளங்களின் வரிசையும், நடுக்கோபுரமும் ஒரே பார்வையில் அடங்குவது இங்கிருந்து மட்டுமே. தீவுக்குப் போய் வந்தபின் இதைப் பார்த்தால், நடந்த பாதையை விரலால் தொட்டுக் காட்ட முடியும்; அதனால் தென்கரையைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நதியைக் கடக்க பிரயா டோ ரிபாதேஜோவுக்கும் கொன்ஸ்தான்சியாவுக்கும் அருகே உள்ள பழைய இரும்புப் பாலம் உதவும். ஒடுக்கமானது, பொறுமையாகக் கடக்க வேண்டும்.

சாப்பாடு

நதிக்கரை ஊர்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சாவெல் என்ற ஆற்றுமீனும் லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற மீனும் சிறப்பு. சாவெலை மெல்லிய துண்டுகளாக வறுத்து, ரொட்டியை ஊறவைத்து மசித்த அசோர்டாவுடன் தருவார்கள். முள் அதிகம், கவனமாகச் சாப்பிடுங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்கள் காய்கறிச் சூப், ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ் என்று சமாளிக்கலாம். 'கால்டோ வேர்டே' என்ற கீரைச் சூப்பில் பெரும்பாலும் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் நேரம் இருந்தால், விலா நோவா டா பார்கின்யாவில் டெம்ப்ளர்களைப் பற்றிய விளக்க மையத்தையும் ஆற்றங்கரைச் சிற்பப் பூங்காவையும் பார்க்கலாம். விளக்க மையத்தை முதலில் பார்த்துவிட்டுத் தீவுக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

மறுநாள் தோமார்

அல்முரோலை மட்டும் பார்த்துவிட்டு லிஸ்பன் திரும்புவது பாதி வாசித்த நூலை மூடிவைப்பதாகும். ஓர் இரவு தோமாரில் தங்குங்கள். குவால்டிம் பாய்ஸ் 1160இல் தொடங்கிய கோட்டையும், அதனுள் வளர்ந்த கிறிஸ்துவின் துறவுமடமும் 1983 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். அல்முரோலில் பார்க்காத ஒரு நுட்பத்தைத் தோமார் மதிலின் அடியில் காணலாம்: சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில் வெளிநோக்கிச் சரிவாக அகன்றிருக்கும். ஏணி சாத்தவும், அடியில் சுரங்கம் தோண்டவும் அது தடை. தீவில் அந்த வேலையைப் பாறையும் நீரும் செய்துவிட்டன. நிலத்தில் மனிதர்கள் கட்ட வேண்டியிருந்தது.

1190இல் மொராக்கோவை ஆண்ட அல்மொஹாத் அரசமரபின் படை தேஜோவைக் கடந்து வந்து தோமாரை ஆறு நாள் முற்றுகையிட்டது. முதிய வயதில் குவால்டிம் அதைத் தாக்குப்பிடித்தார். அந்த முற்றுகையைச் சொல்லும் கல்வெட்டு தோமார் மடத்தில் இருக்கிறது. எதிரிப் படையில் 4 லட்சம் குதிரை வீரர்களும் 5 லட்சம் காலாட்களும் இருந்ததாக அது கூறும். எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை, ஆனால் உயிர் பிழைத்தவர்களின் நடுக்கத்தை அந்த எண் சொல்கிறது. 1195இல் இறந்த குவால்டிமின் கல்லறைக் கல்வெட்டு ஊருக்குள், ஆற்றின் மறுகரையில் உள்ள சாந்தா மரியா டோ ஒலிவால் தேவாலயத்தில் இருக்கிறது. மடத்துக்கு அரை நாள், தேவாலயத்துக்கு அரை மணி நேரம் போதும். தோமார் ஒரு கிளைத்தடத்தின் கடைசி நிலையம். அங்கிருந்து லிஸ்பனுக்கு நேரடி ரயில்கள் உண்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.